ஜோடி ஸ்கேட்டிங்கில் நாடு மாறுவது ஏன்? அல்யோனா சாவ்செங்கோவை முன்வைத்துச் சில கேள்விகள்

2018 பிப்ரவரி 15 அன்று பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங் தங்கத்தை ஜெர்மனி வென்றது. வென்ற இருவரில் அல்யோனா சாவ்செங்கோ உக்ரைனில் பிறந்தவர், புரூனோ மாசோ பிரான்ஸில் பிறந்தவர். இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் இதைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்குகிறார்கள். "விலைக்கு வாங்கிய பதக்கமா?" என்றுகூடக் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி இல்லை என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜோடி ஸ்கேட்டிங் என்றால் ஐஸ் டான்ஸ்தானே?

இல்லை. இரண்டிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடுகிறார்கள் என்பதால் குழப்பம் வருகிறது. ஐஸ் டான்ஸில் கால் வேலையும் தாளமும்தான் முக்கியம். ஆண் தன் தலைக்கு மேலே கையை நீட்டிப் பெண்ணைத் தூக்கிப் பிடிக்க அதில் அனுமதி இல்லை. ஜோடி ஸ்கேட்டிங்கில் அதுதான் உயிர்நாடி. ஓடும் வேகத்திலேயே பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழல்வது லிஃப்ட். மேலே எறிந்து, அவர் காற்றில் மூன்று சுற்று சுற்றி இறங்கும்போது பிடிப்பது ட்விஸ்ட். தூர வீசி, அவர் சுற்றி ஒற்றைக் காலில் தரையிறங்குவது த்ரோ. இவை போதாதென்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் தாவவும் வேண்டும். போட்டி இரண்டு பகுதியாக நடக்கும்: முதலில் ஷார்ட் புரோகிராம், அப்புறம் ஃப்ரீ ஸ்கேட். இரண்டின் மதிப்பெண்ணையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள்.

சரி, இதற்கும் நாடு மாறுவதற்கும் என்ன சம்பந்தம்?

எல்லாச் சம்பந்தமும் இதில்தான் இருக்கிறது. தனியாக ஆடுகிறவர் தன் திறமையை மட்டும் நம்பினால் போதும். ஜோடியில் ஆடும் பெண்ணுக்குத் தன்னைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடிய ஓர் ஆண் தேவை. உயரம் பொருந்த வேண்டும், தாவும்போது சுற்றும் திசை பொருந்த வேண்டும், தரம் பொருந்த வேண்டும், வயதும் லட்சியமும் ஓரளவாவது ஒத்துப்போக வேண்டும். வரன் பார்ப்பதைவிடக் கடினமான பொருத்தம் இது. அதிலும் பெரும்பாலான நாடுகளில் இந்த விளையாட்டுக்கு வரும் சிறுமிகள் அதிகம், சிறுவர்கள் குறைவு. உலகத்தரத்தில் ஜோடி ஆடக்கூடிய ஆண் தன் நாட்டில் ஒருவர்கூட இல்லை என்ற நிலை ஒரு பெண்ணுக்கு மிகச் சாதாரணமாக வரும்.

அப்படி வந்தால் இரண்டே வழி: விளையாட்டை விடுவது, அல்லது எல்லை தாண்டித் தேடுவது. ஜோடி ஸ்கேட்டர் முதலில் துணையைத்தான் தேர்ந்தெடுக்கிறார். நாடு அந்தத் துணையோடு வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் எல்லாப் பதில்களும் எளிதாகிவிடும்.

அல்யோனா சாவ்செங்கோ எங்கிருந்து வந்தவர்?

1984 ஜனவரி 19 அன்று, கீவ் நகருக்குத் தெற்கே உள்ள ஒபூகிவ் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். அப்போது அது சோவியத் ஒன்றியம். பயிற்சிக்குத் தலைநகர் வரை போய்வர வேண்டியிருந்தது. ஸ்டானிஸ்லாவ் மொரோசோவுடன் ஜோடி சேர்ந்து 2000ஆம் ஆண்டு உலக ஜூனியர் பட்டத்தை உக்ரைனுக்காக வென்றார். அந்தப் போட்டி நடந்த இடம் தெற்கு ஜெர்மனியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஓபர்ஸ்ட்டோர்ஃப். பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் ஒலிம்பிக் தங்கத்துக்காகப் பயிற்சி எடுத்ததும் அதே ஊரில்தான்.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் இந்த ஜோடிக்கு 15ஆவது இடம். அவருக்கு அப்போது 18 வயது.

உக்ரைனை ஏன் விட்டார்?

2002க்குப் பிறகு மொரோசோவுடனான ஜோடி உடைந்தது. உக்ரைனுக்குள் அவர் தரத்துக்கு இன்னொரு துணை அமையவில்லை. 2003இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில், பயிற்சியாளர் இங்கோ ஷ்டோயரிடம் ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. ஷ்டோயர் 1997இல் மாண்டி வொட்சலுடன் உலகப் பட்டமும் 1998 நகானோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றவர். அவர் கையில் ராபின் சோல்கோவி என்ற இளைஞர் இருந்தார். கிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர், தந்தை தான்சானியாவைச் சேர்ந்தவர். உயரமும் அமைதியும் நல்ல கால்களும் இருந்தும் சரியான துணை அமையாமல் காத்திருந்தார்.

அல்யோனா மூட்டை கட்டிக்கொண்டு கெம்னிட்ஸ் போனார். பத்தொன்பது வயதில், புதிய மொழி, புதிய நாடு, அதுவரை சேர்ந்து ஆடியிராத ஒரு துணை. அந்தச் சோதனை பலிக்காமல் போயிருந்தால் திரும்பிப் போக அவருக்கு ஒரு ஜோடி கிடையாது. இந்தத் துணிச்சலை யாரும் போதுமான அளவு பாராட்டியதில்லை என்று எனக்குத் தோன்றும்.

நினைத்தவுடன் நாடு மாறிவிட முடியுமா?

முடியாது. மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு, பழைய நாட்டின் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு. அது எழுத்தில் விடுவித்தால்தான் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் புதிய நாட்டுக்காக ஆட விடும். அதோடு, பழைய நாட்டுக்காகக் கடைசியாக ஆடியதிலிருந்து ஒரு காத்திருப்புக் காலமும் உண்டு, வழக்கமாக ஓராண்டு.

இரண்டாவது, சர்வதேசச் சங்கத்தின் குடியுரிமை விதி. உலகப் போட்டிகளிலும் ஐரோப்பியப் போட்டிகளிலும் ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். அதனால்தான் வேற்று நாட்டுக் கடவுச்சீட்டோடு ஒருவர் இன்னொரு நாட்டுக் கொடியின் கீழ் பதக்க மேடையில் நிற்பதைப் பார்க்கிறோம்.

மூன்றாவது கதவுதான் கனமானது: ஒலிம்பிக். அங்கே இருவருமே அந்த நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும். முன்பு வேறு நாட்டுக்காக ஆடியவர் என்றால் மூன்றாண்டு இடைவெளியும் வேண்டும். சம்பந்தப்பட்ட ஒலிம்பிக் குழுக்களும் சங்கமும் ஒப்புக்கொண்டால் அதைக் குறைக்கலாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் போட்டிக்காகக் குடியுரிமை அலுவலகத்தின் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டிய நிலை இதனால் வருகிறது.

அல்யோனா முதல் தடவை எப்படித் தாண்டினார்?

கடைசி நேரத்தில்தான். ஜெர்மன் குடியுரிமை 2005 டிசம்பர் கடைசியில் கிடைத்தது. 2006 பிப்ரவரியில் டுரின் ஒலிம்பிக். அங்கே இந்த ஜோடிக்கு 6ஆவது இடம். உக்ரைனுக்காக 15, ஜெர்மனிக்காக 6. நான்கு ஆண்டில் அவ்வளவு ஏற்றம்.

டுரினில் பயிற்சியாளர் தொடர்பாக ஏதோ பிரச்சினை வந்ததாமே?

ஆமாம். ஷ்டோயர் இளம் வயதில் கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையான ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்தவர் என்பது 2006 தொடக்கத்தில் வெளியே வந்தது. ஜெர்மன் ஒலிம்பிக் குழு அவரை டுரினுக்கு அழைத்துப் போக மறுத்தது. அவர் நீதிமன்றம் போய் அனுமதி வாங்கி வந்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டு அவருக்கும் ஜெர்மன் விளையாட்டு அமைப்புகளுக்கும் உறவு சீராகவில்லை. அரசு நிதி, பயிற்சியாளர் ஊதியம் எல்லாமே தகராறாக ஓடின.

அல்யோனாவும் ராபினும் அவரை விடவில்லை. அவர் செய்ததை அவர்கள் நியாயப்படுத்தினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஸ்டாசியால் பாதிக்கப்பட்டவர்களின் கோபம் உண்மையானது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் நாடு மாறி வந்த ஒரு பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் வந்ததே இந்த ஒரு பயிற்சியாளரையும் இந்த ஒரு துணையையும் நம்பித்தான். அந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் அவருக்கு ஜெர்மனியில் என்ன மிஞ்சும்?

ராபினுடன் எதையெல்லாம் வென்றார்?

உலகப் பட்டம் ஐந்து முறை: 2008 கோதன்பர்க், 2009 லாஸ் ஏஞ்சலஸ், 2011 மாஸ்கோ, 2012 நீஸ், 2014 சைத்தாமா. ஐரோப்பியப் பட்டம் நான்கு முறை. ஒலிம்பிக்கில் மட்டும் தங்கம் நழுவிக்கொண்டே இருந்தது. 2010 வான்கூவரில் வெண்கலம், 2014 சோச்சியில் மறுபடியும் வெண்கலம்.

2012 நீஸ் போட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அல்யோனாவும் ராபினும் அங்கே ஜெயித்தது 0.11 புள்ளி வித்தியாசத்தில். இரண்டாமிடம் ரஷ்யாவின் தத்யானா வோலோசோஷார், மாக்சிம் த்ரான்கோவ். இந்தத் தத்யானா யார் தெரியுமா? அவரும் உக்ரைன்காரர்தான், த்னிப்ரோவில் பிறந்தவர். அவரும் உக்ரைனுக்காக ஆடியவர். அப்போது அவருடைய துணை, அல்யோனாவின் முன்னாள் துணையான ஸ்டானிஸ்லாவ் மொரோசோவ்! அவர்களும் ஷ்டோயரிடம் கெம்னிட்ஸில் பயிற்சி பெற்றவர்கள். 2010 ஒலிம்பிக்கில் 8ஆவது வந்தபின் மொரோசோவ் ஓய்வு பெற, தத்யானா ரஷ்யா போய் த்ரான்கோவுடன் சேர்ந்தார். நீனா மோசரின் பயிற்சிக் குழுவில் மொரோசோவும் இருந்து அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2014 சோச்சியில் தங்கம் அந்த ஜோடிக்கு.

ஒரே நாட்டில் வளர்ந்த இரண்டு பெண்கள், ஒரே துணையோடு அடுத்தடுத்து ஆடியவர்கள், வேறு வேறு நாட்டுக் கொடியின் கீழ் உலகின் முதலிடத்துக்குப் போட்டி போட்டார்கள். உக்ரைனின் ரசிகர் ஒருவருக்கு இதைப் பார்க்க எவ்வளவு வலித்திருக்கும் என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை.

சோச்சிக்குப் பிறகு ஏன் ஓய்வு பெறவில்லை?

ராபின் ஓய்வு பெற்றார். அல்யோனாவுக்கு அப்போது 30 வயது. சோச்சியில் ஃப்ரீ ஸ்கேட்டின் கடைசியில் த்ரோ ட்ரிபிள் ஆக்சல், அதாவது துணை வீச, காற்றில் மூன்றரைச் சுற்று சுற்றி இறங்குவதை முயன்று விழுந்தார். ஜோடி ஸ்கேட்டிங்கில் வெகு சிலரே தொட்டுப் பார்த்த சாகசம் அது. பாதுகாப்பான ஒன்றை வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வெள்ளிக்காக ஆட அவருக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து சைத்தாமாவில் ஐந்தாவது உலகப் பட்டத்தை வென்றுவிட்டு, ஒலிம்பிக் தங்கம் இல்லாமல் நிறுத்தப்போவதில்லை என்று புதிய துணையைத் தேடப் போனார்.

கிடைத்தவர் புரூனோ மாசோ. பிரான்ஸின் கான் (Caen) நகரில் 1989இல் பிறந்தவர், அல்யோனாவைவிட ஐந்து வயது இளையவர். டாரியா போபோவாவுடன் பிரான்ஸுக்காக ஆடிக்கொண்டிருந்தார். பெரிய பட்டம் ஒன்றும் அதுவரை கிடையாது. ஐந்து முறை உலகச் சாம்பியன் இவரை ஏன் எடுத்தார் என்று அப்போது பலர் கேட்டார்கள். புரூனோவின் தோள் வலிமையையும் வீசும் பலத்தையும் அல்யோனா பார்த்திருந்தார். உயரமாக, தூரமாகப் போகும் த்ரோக்களும் ட்விஸ்ட்டும்தான் பின்னால் அந்த ஜோடியின் அடையாளம் ஆயின.

யார் எந்த நாட்டுக்கு மாறுவது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

ஜெர்மனிக்கு என்று முடிவானது. அல்யோனா ஏற்கெனவே ஒரு தடவை மாறியவர், ஜெர்மன் குடியுரிமை உள்ளவர். இந்தத் தடவை நாடு மாறும் சுமை ஆணின் தோளுக்குப் போனது. நாடு மாறுவது எப்போதும் பெண்தான் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல எதிர் உதாரணம்.

பிரான்ஸ் ஏன் உடனே விடவில்லை?

ஒரு கூட்டமைப்பு தன் வீரரை வளர்க்கப் பணம் செலவழித்திருக்கிறது. அவர் வேறு நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தரப் போகிறார். தடுக்கத் தோன்றுவது இயல்பு. பிரெஞ்சுக் கூட்டமைப்பு புரூனோவை விடுவிக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டது. 2014-15 பருவம் முழுவதும் இந்த ஜோடி எந்தச் சர்வதேசப் போட்டியிலும் இறங்க முடியவில்லை. 2015 இலையுதிர் காலத்தில்தான் விடுவிப்பு வந்தது. அதற்காக 30,000 யூரோ கொடுக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன.

இந்த இடத்தில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஒரு ஸ்கேட்டரின் உச்சகாலம் சில ஆண்டுகள்தான். 31 வயதுப் பெண் ஒருவர் போட்டிக்குத் தயாராக நின்றுகொண்டு, காகிதத்துக்காக ஒரு முழுப் பருவத்தை இழப்பது கொடுமை. வளர்த்த செலவைக் கேட்பது தவறில்லை. அதற்கு முன்கூட்டியே அறிவித்த ஒரு கணக்கு இருக்க வேண்டும், ஒரு கால வரம்பும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பேரம் நீளும்போது நஷ்டம் ஆடுகிறவருக்கு மட்டும்தான்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் என்ன செய்வார்கள்?

பயிற்சி, பயிற்சி, பயிற்சி. கையில் பணம் இருக்காது, ஏனென்றால் போட்டி இல்லையென்றால் பரிசும் இல்லை, நிதியுதவியும் சுருங்கும். காட்சி ஆட்டங்களில் ஆடிச் சம்பாதிப்பார்கள். இன்னொன்றும் உண்டு: புதிய ஜோடிக்குப் போட்டியில் மட்டுமே கிடைக்கும் பழக்கம் கிடைக்காது. நடுவர் முன்னால் தவறினால் துணை எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பயிற்சித் தளத்தில் தெரிந்துகொள்ள முடியாது.

அப்படியும் 2016இல் வந்தவுடனேயே ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி, பாஸ்டன் உலகப் போட்டியில் வெண்கலம். 2017 ஹெல்சிங்கியில் உலக வெள்ளி. இத்தனையும் புரூனோ இன்னும் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தபோது. பயிற்சி ஓபர்ஸ்ட்டோர்ஃபில், அலெக்ஸாண்டர் கோனிக்கிடம்.

மொழித் தேர்வுக் கதை உண்மையா?

உண்மை. ஜெர்மன் குடியுரிமைக்கு மொழித் தேர்வு தேற வேண்டும். புரூனோ முதலில் தேறவில்லை. உலகப் போட்டியில் பதக்கம் வாங்கியவர், மாலையில் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தார். 2017 நவம்பர் கடைசியில் குடியுரிமை கிடைத்தது. ஒலிம்பிக் தொடங்க மூன்று மாதத்துக்கும் குறைவு. அந்தத் தேர்வில் இன்னொரு முறை சறுக்கியிருந்தால் அல்யோனாவின் ஐந்தாவது ஒலிம்பிக் நடந்திருக்காது.

பியோங்சாங்கில் என்னதான் நடந்தது?

ஷார்ட் புரோகிராமில் புரூனோ, சால்கோ என்ற தாவலை மூன்று சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றாக்கிவிட்டார். 76.59 புள்ளி, நான்காமிடம். முதலிடத்தில் இருந்த சீனாவின் சூய் வென்ஜிங், ஹான் சோங் ஜோடிக்கு 82.39. இடைவெளி 5.80. இந்த விளையாட்டில் அவ்வளவு பெரிய இடைவெளியை உச்சத்தில் இருப்பவர்களிடமிருந்து ஒரே நாளில் பிடிப்பது அரிது.

மறுநாள் ஃப்ரீ ஸ்கேட். நடன அமைப்பு, 1984 சரயேவோவில் ஐஸ் டான்ஸ் தங்கம் வென்ற கிறிஸ்டோபர் டீன். நான் அந்த ஆட்டத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வியப்பது ஒன்றைத்தான்: அவசரமே இல்லை. பின்தங்கியிருப்பவர்கள் துரத்துவது போல ஆடவில்லை. ஒரு த்ரோவிலிருந்து இறங்கிய காலிலேயே அடுத்த அசைவு தொடங்குகிறது. லிஃப்ட் முடிந்து கீழே வைக்கும்போது வேகம் குறையவில்லை. கிடைத்தது 159.31, அன்றைய உலகச் சாதனை. மொத்தம் 235.90.

அப்புறம் காத்திருப்பு. சீன ஜோடி முடித்தபோது அவர்களுக்கு மொத்தம் 235.47. வித்தியாசம் 0.43. அல்யோனாவுக்கு 34 வயது, ஐந்தாவது ஒலிம்பிக், முதல் தங்கம். ஜோடி ஸ்கேட்டிங்கில் ஜெர்மனிக்கு 1952 ஆஸ்லோவில் ரியா ஃபால்க், பால் ஃபால்க் வென்றதற்குப் பிறகு கிடைத்த தங்கம். அடுத்த மாதம் மிலானில் நடந்த உலகப் போட்டியையும் வென்று ஆறாவது உலகப் பட்டத்தோடு அல்யோனா போட்டிகளை நிறுத்தினார்.

விட்டுவிட்டு வந்த பழைய துணைகளின் கதி?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். மொரோசோவ் எங்கே போனார் என்பதை மேலே சொன்னேன். ராபின் சோல்கோவி ஓய்வுக்குப் பின் மாஸ்கோவில் பயிற்சியாளரானார். பியோங்சாங்கில் ஷார்ட் புரோகிராமுக்குப் பின் இரண்டாமிடத்தில் இருந்த ரஷ்ய ஜோடி எவ்கேனியா தரசோவா, விளாதிமிர் மொரோசோவ் (இவர் வேறு மொரோசோவ்) ராபினிடம் பயின்றவர்கள். தன் பழைய துணை வெற்றிபெறுவதை எதிரணிப் பயிற்சியாளராக நின்று அவர் பார்த்தார். பிரிந்தவர்கள் எல்லோருக்கும் இப்படி ஓர் இடம் கிடைத்துவிடுவதில்லை. பிரிவுக்குப் பிறகு துணை அமையாமல் இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயதிலேயே ஷூவைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். அவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

நாடு மாறினால் எப்போதும் நல்லபடியாக முடியுமா?

இல்லவே இல்லை. 2012 நீஸ் போட்டியில் வெண்கலம் வென்றது ஜப்பானுக்காக ஆடிய நருமி தகஹாஷி, மெர்வின் ட்ரான் ஜோடி. ஜோடிப் பிரிவில் ஜப்பானின் முதல் உலகப் பதக்கம் அது. ஆனால் ட்ரான் கனடாக்காரர். சோச்சிக்குப் போக ஜப்பானியக் குடியுரிமை வேண்டும். ஜப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜோடி பிரிந்தது. உலகின் மூன்றாவது சிறந்த ஜோடி ஒலிம்பிக் பனியையே தொடவில்லை.

அதே சுவரை எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்டியவர் யூகோ கவகூச்சி. ஜப்பானில் பிறந்தவர். 1998 நகானோவில் எலேனா பெரெஷ்னாயா ஆடியதைப் பார்த்து மயங்கி, அவருடைய பயிற்சியாளர் தமாரா மொஸ்க்வினாவிடம் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். கடைசியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்ஸாண்டர் ஸ்மிர்னோவுடன் சேர்ந்து ரஷ்யாவுக்காக ஆடினார். அதற்காக ஜப்பானியக் குடியுரிமையையே விட்டார். 2010இல் ஐரோப்பியப் பட்டம் கிடைத்தது, வான்கூவரில் நான்காமிடம். பிறந்த நாட்டின் கடவுச்சீட்டைக் கொடுத்தவருக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கவில்லை.

அந்த எலேனா பெரெஷ்னாயாவின் கதை இன்னும் கனமானது. ரஷ்யாவைச் சேர்ந்த அவர் ஓலெக் ஷ்லியாகோவ் என்ற துணைக்காக லாட்வியாவின் கொடியில் ஆடினார். 1996 ஜனவரியில் ரிகாவில் பயிற்சியின்போது, பக்கத்தில் சுழன்ற ஷ்லியாகோவின் ஷூ பிளேடு அவர் தலையில் இறங்கியது. மூளை அறுவை சிகிச்சை. பேச்சே போய், மறுபடி பேசக் கற்றுக்கொண்டார். பிறகு ரஷ்யா திரும்பி, ஆன்டன் சிகாருலிட்ஸேவுடன் 1998இல் வெள்ளியும் 2002 சால்ட் லேக் சிட்டியில் தங்கமும் வென்றார். அந்தத் தங்கம் நடுவர் ஊழல் விவகாரத்துக்குப் பிறகு கனடா ஜோடிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. துணையைத் தேடி அயல்நாடு போகும் இளம் பெண் தனியாள். வீடு, பாஷை, பணம் எல்லாவற்றுக்கும் துணையையோ பயிற்சியாளரையோ நம்பி இருக்க வேண்டும். அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பார்க்கும் கடமை விடுவித்த கூட்டமைப்புக்கும் உண்டு, ஏற்றுக்கொண்ட கூட்டமைப்புக்கும் உண்டு. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாறியவர்கள் உண்டா?

வனெசா ஜேம்ஸ். கனடாவில் பிறந்து, பிரிட்டனுக்காகத் தனியாக ஆடி 2006இல் தேசியப் பட்டம் வென்றார். பிறகு ஜோடிக்காகப் பிரான்ஸ். மோர்கன் சிப்ரேயுடன் 2019 ஐரோப்பியப் பட்டம். கடைசியில் பிறந்த கனடாவுக்கே திரும்பி எரிக் ராட்ஃபோர்டுடன் 2022 உலக வெண்கலம். அந்த ராட்ஃபோர்ட் பியோங்சாங்கில் மேகன் டூஹாமலுடன் வெண்கலம் வென்றவர். ஜோடி ஸ்கேட்டிங் உலகம் அவ்வளவு சிறியது.

வயது ஒரு தடையா?

டியானா ஸ்டெலாட்டோ-டூடெக்கைப் பாருங்கள். அமெரிக்காவுக்காக 2000ஆம் ஆண்டு உலக ஜூனியரில், தனிநபர் பிரிவில் வெள்ளி வென்றவர். அல்யோனா ஜோடிப் பட்டம் வென்ற அதே ஓபர்ஸ்ட்டோர்ஃப் போட்டிதான். காயத்தால் விலகி, நீண்ட இடைவெளிக்குப் பின் 2016இல் ஜோடி ஸ்கேட்டராகத் திரும்பினார். மாக்சிம் டெஷாம்புக்காகக் கனடா மாறினார். 2024இல் மான்ட்ரியலில் உலகப் பட்டம் வென்றபோது வயது 40. இந்த விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற பெண்களில் மிக மூத்தவர் அவர்தான். கனடியக் குடியுரிமை அதற்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில்தான் வந்தது.

கடைசியாக, அந்தத் தங்கம் ஜெர்மனியுடையதா, உக்ரைனுடையதா, பிரான்ஸுடையதா?

பதக்கப் பட்டியலில் ஜெர்மனி. அதில் குறையொன்றும் இல்லை. தளமும் பயிற்சியாளரும் குடியுரிமையும் கொடுத்தது அந்த நாடு. ஆனால் அல்யோனாவின் அடிப்படைக் கால் வேலை கீவில் கற்றது. புரூனோவைச் சிறுவயதிலிருந்து வளர்த்தவை பிரெஞ்சு மன்றங்கள். ஒபூகிவ்காரர்கள் அதை எங்கள் ஊர்ப் பெண்ணின் வெற்றி என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன், கான் நகரத்தார் சொன்னாலும் அப்படியே.

முதல் தடவை பார்க்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பியோங்சாங் ஷார்ட் புரோகிராமை முதலில் பாருங்கள். அந்தத் தவறான சால்கோவைப் பார்த்துவிட்டு ஃப்ரீ ஸ்கேட்டுக்குப் போங்கள். அதற்குப் பின் 2012 நீஸ் போட்டியில் முதல் இரண்டு ஜோடிகளின் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். த்ரோவின்போது பெண்ணின் கால் இறங்கும் இடத்தைக் கவனியுங்கள், லிஃப்ட்டின்போது ஆணின் பாதத்தைக் கவனியுங்கள். கேமரா பெரும்பாலும் மேலேதான் இருக்கும், வேலை நடப்பது கீழே.